கிளம்புகிற அன்றைக்கா வெள்ளையடிப்பது?

தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன் மகன், மலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு இறங்கியதும், காபி டம்ளரோடு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "என்ன சித்தப்பா, இன்னும் டெபியன் பன்னிரண்டுலயே இருக்கீங்க? பதின்மூணு வந்து ரெண்டு மாசம் ஆச்சே!" என்றான். பல் தேய்க்காமல் காபி குடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் வந்தார். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள். பையன் சொன்னதைச் சொன்னேன். "அவன் பேச்சைக் கேட்காதீங்க சார். ஓடுற வண்டியை எதுக்குப் பிரிச்சுப் பார்க்கணும்? நான் ஆறு வருஷமா ஒண்ணையும் தொடல. அப்டேட்னு பொட்டி வந்தா குறுக்குப் புள்ளடி, அவ்வளவுதான்" என்றார். முகத்தில் ஒரு பெருமை வேறு.

இந்த இரண்டு பேரையும் எதிர்த்து எழுதத்தான் இந்தப் பதிவு. இருவருமே இதைப் படிப்பார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் இந்த "அப்டேட்" என்ற சொல்லையே சந்தேகப்பட வேண்டும். ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகளைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, இருக்கிற சாமானில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அதை அடைப்பது. இன்னொன்று, இருக்கிற சாமானைத் தூக்கிவிட்டுப் புதுச் சாமான் வைப்பது. முதலாவது கூரை ஒழுகலை அடைப்பது மாதிரி. இரண்டாவது வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. கூரை ஒழுகினால் யாரும் நல்ல நாள் பார்ப்பதில்லை. வீடு இடிக்கிறதென்றால் நாள், பணம், தங்க இடம் எல்லாம் பார்க்கிறோம். என் நண்பர் இரண்டையும் தள்ளிப்போடுகிறார். பையன் இரண்டையும் உடனே செய்யச் சொல்கிறான்.

(வேடிக்கை என்னவென்றால், டெர்மினலில் "ஆப்ட் அப்டேட்" என்று அடித்தால் எதுவுமே மாறாது. என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொண்டுவந்து வைக்கும். மாற்றுவது "ஆப்ட் அப்கிரேட்". சமையல் சாமான் சீட்டு எழுதுவதற்கும் கடைக்குப் போய் வாங்கிவருவதற்கும் உள்ள வித்தியாசம். இது தெரியாமல் "நான் தினமும் அப்டேட் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.)

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். முப்பத்து நான்கு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையில் பாதி ஆயுள் போயிற்று. ஒரு பாயிண்ட் மோட்டாரைத் திறக்க வேண்டுமென்றால் கையில் சாவி இருப்பது போதாது. டிஸ்கனெக்‌ஷன் மெமோ என்று ஒரு படிவம் இருக்கிறது, டி 351 என்போம். இந்தக் கருவியை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இணைப்பு நீக்கி வேலை பார்க்கப் போகிறேன் என்று எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீட்ட வேண்டும். அவர் வண்டி வரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கை வைக்கலாம். சப்தகிரி வருகிற நேரமென்றால் "அப்புறம் வாங்க" என்பார். வாதாட முடியாது. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சோதித்துப் பார்த்து, மறுபடி இணைத்தாயிற்று என்று இன்னொரு கையெழுத்து. என்ன வேலை என்பதை நான் சொல்வேன். எப்போது என்பதை அவர் சொல்வார். வண்டி ஓட்டும் பொறுப்பு அவருடையது.

பெயிலியர் என்று தகவல் வந்தால் கதை வேறு. அப்போதும் மெமோ உண்டு, ஆனால் நாள் பார்ப்பது கிடையாது. சாப்பாட்டுத் தட்டில் கை கழுவிவிட்டு ஓடியிருக்கிறேன். பழைய லீவர் ஃபிரேமை எடுத்துவிட்டு பேனல் வைப்பது, யார்டையே மாற்றி அமைப்பது போன்ற பெரிய வேலைக்கோ மாதக்கணக்கில் திட்டம். வரைபடம் சரிபார்ப்பு, ஒவ்வொரு ரிலேயாகச் சோதனை, எந்த நாளில் வண்டி குறைவு என்ற கணக்கு. ஒரே துறை, ஒரே ஆட்கள்தான், ஆனால் இரண்டு வேலைக்கும் இரண்டு நடைமுறை. அதைக் குழப்பிக்கொண்ட சிக்னல்காரனை நான் பார்த்ததில்லை.

2023 ஜூன் 2-ஆம் தேதி இரவு ஒடிசாவில் பாஹாநாகா பஜார் நிலையத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290-க்கும் மேற்பட்ட உயிர்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் சர்க்யூட்டில் முன்பொரு சமயம் செய்த மாற்றத்திலும், அன்று லெவல் கிராசிங் கேட் வேலையின்போது செய்த மாற்றத்திலும் இருந்த குறைகளைக் காரணமாகச் சொன்னது. அதையும் என் வீட்டு மேஜையில் இருக்கிற பெட்டியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது தெரியும். ஆனாலும், மாற்றத்தைச் செய்துவிட்டுச் சரியாகச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களுக்கு இனி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட அனுபவஸ்தன், சொந்த வீட்டில் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

ஏழெட்டு வருஷம் முன்பு வீட்டம்மாவுக்கு ரத்த அழுத்தம் நிலையில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் டாக்டர், தினமும் காலை மாலை அளந்து மூன்று மாதக் கணக்கைக் கொண்டுவாருங்கள், அதைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றுவதா என்று முடிவு செய்வேன் என்றார். நான் நோட்டில் எழுதவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் அல்லவா, லிப்ரெ ஆஃபீஸில் அட்டவணை போட்டு, வரைபடம் எல்லாம் வரைந்து அழகாக வைத்திருந்தேன். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். முதல்நாள் ராத்திரி அச்சடிக்கலாம் என்று உட்கார்ந்தால், திரையில் ஒரு பெட்டி: புதிய பதிப்பு தயார், மேம்படுத்தவா? அப்போது நான் வைத்திருந்த லினக்ஸ் வேறு. பெயர் வேண்டாம், தப்பு அதன்மேல் இல்லை. சரி, நாம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும், பிறகு அச்சடிப்போம் என்று "ஆம்" என்பதை அழுத்தினேன்.

மொபைல் டேட்டாவில் இறங்க வேண்டிய சரக்கு ஒன்றரை ஜி.பி. எங்கள் தெருவில் ஆந்திரா டவரும் தமிழ்நாட்டு டவரும் மாறி மாறிக் கையைப் பிடித்து இழுக்கும். இறங்கி முடிக்கவே பதினோரு மணி. பாதி நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. (அதைத் தள்ளிப்போட்டவனும் நானே.) கரண்ட் வந்தபின் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து நான்கு வரி, அதற்குமேல் நகரவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு போனோம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "கணக்கு இல்லாம நான் மருந்தை மாத்த மாட்டேன், இன்னும் ஒரு மாசம் எழுதிக்கிட்டு வாங்க" என்றார். அந்த ஒரு மாதம் அவளுக்குத் தலைசுற்றலோடு போயிற்று. பின்னால் ஒரு பையன் வந்து பென்டிரைவில் லினக்ஸைப் போட்டுத் திறந்து எல்லாக் கோப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டான், அது வேறு. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஊருக்குக் கிளம்பற அன்னிக்கா வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்க?"

முப்பத்து நான்கு வருஷம் மெமோ எழுதினவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

இனி பையனிடம் வருகிறேன். அவன் வாதம் இதுதான்: பழைய எண் என்றால் பழைய சரக்கு, பழைய சரக்கு என்றால் ஆபத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெபியன் ஸ்டேபிள் போன்றவற்றில் இது பொய். அங்கே ஒரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், பெரும்பாலும் புதுப் பதிப்பைக் கொண்டுவந்து திணிப்பதில்லை. அந்த ஓட்டைக்கான ஒட்டை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைத்துக் கொடுக்கிறார்கள். அதற்கென்று தனிக் குழு, தனிக் களஞ்சியம். வெளியே தெரிகிற எண் அதே பழைய எண்தான், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற வால் மட்டும் மாறும். சட்டையின் வயதைப் பார்க்கிற பையன் அதில் போட்டிருக்கிற தையலைப் பார்ப்பதில்லை. (பிரவுசர் இதற்கு விதிவிலக்கு. அதை அவ்வப்போது மாற்றியே ஆகவேண்டியிருக்கிறது.)

புதுசுதான் பத்திரம் என்பவர்கள் 2024 மார்ச் 29-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்இசட் என்று ஒரு சின்னச் சுருக்கு மென்பொருள், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. அதன் 5.6.0, 5.6.1 என்ற புத்தம்புதிய இரண்டு பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவை வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்துவிடலாம். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தன் சோதனை இயந்திரத்தில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டப் போய்க் கண்டுபிடித்தார். அரை விநாடி! அந்தப் பதிப்புகள் அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைகளிலும், ஃபெடோராவின் சோதனைப் பதிப்பிலும், புதியது வந்ததும் உடனே அள்ளித் தருகிற ரோலிங் வகைகளிலும் போய்ச் சேர்ந்திருந்தன. டெபியன் பன்னிரண்டில், அதாவது பையன் முகம் சுளித்த என் "பழைய" பதிப்பில், இருந்தது 5.4.1. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் புத்திசாலி என்பதால் அல்ல, மெதுவானவன் என்பதால்.

2022 ஆகஸ்டில் கிரப் என்ற பூட் மென்பொருளின் ஒரு மாற்றத்தால், ஆர்ச் வகையைச் சேர்ந்த பலருடைய கணினிகள் கிளம்பவே மறுத்தன. அதே வருஷம் அக்டோபரில் 5.19.12 என்ற கெர்னலில் இன்டெல் லேப்டாப் திரைகள் பளிச்பளிச்சென்று மின்ன, திரைக்கே சேதம் வரலாம் என்று கெர்னல் ஆட்களே எச்சரித்தார்கள். இரண்டும் சில நாட்களில் சரியாயின. சில நாள் பொறுத்தவனுக்கு இப்படி நடந்ததே தெரியாது.

பையனுக்கு நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அவனைப் போன்றவர்கள் முன்னால் போய் அடிபடுவதால்தான் என்னைப் போன்றவன் பின்னால் சௌகரியமாக வருகிறேன். ஃபிராய்ண்ட் புதிய பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்காவிட்டால் அந்தப் பின்கதவு நாளடைவில் என் வீட்டுக்கும் வந்திருக்கும். முன்னோடிகள் வேண்டும். அது இருபத்தெட்டு வயதுக்காரர்களின், இரண்டு லேப்டாப் வைத்திருப்பவர்களின் வேலை. எழுபது வயதில் ஒரே பெட்டியில் பென்ஷன் தாளும் மருந்துக் கணக்கும் வைத்திருப்பவனைப் பிடித்து "நீயும் வா" என்று முன்வரிசைக்குத் தள்ளுவதைத்தான் கூடாது என்கிறேன்.

அடுத்து நண்பர். சார், உங்கள் தப்பு இன்னும் பெரியது.

"எதையும் தொடாவிட்டால் எதுவும் கெடாது" என்பது மண்பானைக்குப் பொருந்தும். மென்பொருளில் ஓட்டை நேற்று விழுவதில்லை. முதல் நாளிலிருந்தே இருக்கிறது, கண்ணில் படுவதுதான் பிறகு. சூடோ என்கிற கட்டளையை நீங்களும் தட்டியிருப்பீர்கள். அதில் 2011 ஜூலையில் நுழைந்த ஒரு பிழை, கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கிற யாரையும் முழு அதிகாரியாக ஆக்கிவிடக்கூடியது, 2021 ஜனவரி 26-ஆம் தேதிதான் வெளியே வந்தது. ஒன்பதரை வருஷம். அடுத்த ஜனவரியில் பிகேஎக்ஸெக் என்பதில் இன்னொன்று. அது 2009-லிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தது. உங்கள் ஆறு வருஷப் பெட்டியில் இரண்டுமே இன்றைக்கும் இருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், முன்பு யாருக்கும் தெரியாது. இப்போது விவரத்தோடு எல்லோருக்கும் தெரியும்.

"என் பெட்டியில் நான் மட்டும்தானே, உள்ளே யார் வரப்போகிறார்கள்" என்பீர்கள். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வகையைத் திறக்கும் நூலகத்தில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கெட்ட நோக்கத்தோடு செய்த ஒரு படம் பிரவுசரில் திறந்தாலே போதும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஓரிரு நாளில் ஒட்டுப் போட்டுவிட்டன. நீங்கள் தினமும் காலையில் பார்க்கிற ரோஜாப்பூப் படங்கள் எத்தனை சார்? அவற்றில் ஒன்று பூவாக இல்லாமலிருந்தால்? போன வருஷம் ஒரு அரசுத் தளம் உங்கள் பிரவுசரில் திறக்கவே இல்லை, கடைசி நாளில் என் வீட்டுக்கு ஓடிவந்தீர்களே, அதையும் நினைத்துப் பாருங்கள்.

தொடாமல் இருந்தவர்களின் கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு ஒட்டு நின்றது. அதையொட்டி, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. பாஸ் என்பது சி-டாக் தயாரித்தது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்கென்றே செய்தது. அறிவுரை நல்ல அறிவுரை. அதற்குப் பிறகும் எத்தனையோ மேஜைகளில் அந்தப் பச்சைப் புல்வெளிப் படத்தை நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை வந்தது. அது நுழைந்த ஓட்டைக்கு, ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே ஒட்டு கொடுத்திருந்தது. இரண்டு மாத அவகாசம். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரப் போலீஸின் சில கணினிகளும் மாட்டிக்கொண்டன. இது விண்டோஸ் கதைதானே, நமக்கென்ன என்று லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஒட்டுப் போடாத லினக்ஸும் ஒட்டுப் போடாத விண்டோஸும் ஒரே சாதிதான்.

இவர்கள் இருவரையும்விட எனக்கு வருத்தம் ஒரு மூன்றாவது கூட்டத்தின்மேல். லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிற புண்ணியவான்கள். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்களே, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் லினக்ஸ்! எங்கள் தெருவில் நான் திறந்து பார்த்த லேப்டாப்களில், அந்த லினக்ஸ் பாதியை ஒருவர்கூட ஒருமுறைகூடப் புதுப்பித்திருக்கவில்லை. எப்படிப் புதுப்பிப்பது, ஏன் புதுப்பிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சில வருஷத்தில் அது ஒன்றும் திறக்காத பெட்டி ஆகி, "லினக்ஸ் ஆகாது" என்று அழித்துவிட்டு விண்டோஸை முழுதாகப் பரப்பிவிட்டார்கள். நண்பருடைய பெட்டியும் அதே ரகம். யாரோ ஆர்வமாக வந்து போட்டார், "வைரஸே வராது அங்கிள்" என்று ஒரு வாக்கியம் சொன்னார், போனார். அந்த ஒரு வாக்கியம்தான் ஆறு வருஷமாக அவரைக் குறுக்குப் புள்ளடியை அழுத்த வைக்கிறது.

அப்பா அம்மாவுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிற தம்பி தங்கைகளே, தயவுசெய்து கேளுங்கள். பாதுகாப்பு ஒட்டுகள் தானாகவே இறங்கிப் பொருந்தும்படி வைத்துவிட்டுப் போங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அதற்கு "அனட்டெண்டட் அப்கிரேட்ஸ்" என்று வசதி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று துள்ளுகிற பெட்டியை அணைத்துவிடுங்கள். உபுண்டுவில் "புதிய பதிப்பைப் பற்றித் தெரிவிக்காதே" என்று அமைப்பிலேயே இருக்கிறது. கோப்புகளை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கப் பழக்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பதிப்பை மாற்றிக் கொடுங்கள். வர முடியாதென்றால் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஆக எப்போது? அதைச் சொல்ல வேண்டியவன் ஸ்டேஷன் மாஸ்டர், அதாவது பெட்டியின் சொந்தக்காரன். இந்த இடத்தில் சில கம்பெனிகளின் மேலும் எனக்குக் குறை உண்டு. உபுண்டுவில் ஸ்னாப் என்ற வகையில் வருகிற மென்பொருள்கள் நாளைக்கு நான்கு முறை தாமாகவே போய்ப் பார்த்து மாறிக்கொள்ளும். 60 நாள்வரை தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்று வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஜனங்கள் கத்திக் கத்திப் பிறகுதான் நிறுத்தி வைக்க வழி விட்டார்கள். பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். பாதுகாப்பு ஒட்டை மட்டும் தனியே பிரித்துக் கொடு, நான் ஏன் நிறுத்தப்போகிறேன்? 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் ஒரே ஒரு கோப்பு, விண்டோஸ் கணினிகளுக்கு ஒரே சமயத்தில் போய், நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்களே, அது யார் கேட்டு, யார் மெமோ கொடுத்து நடந்தது?

பதிப்பு மாற்றத்தில் அவசரம் வேண்டாம் என்று செய்கிறவர்களே காட்டுகிறார்கள். உபுண்டு 24.04 வந்தது 2024 ஏப்ரலில். பழைய 22.04 வைத்திருந்தவர்களுக்கு அந்த மாற்றத்தை அவர்கள் நீட்டியது 24.04.1 வந்தபின், ஆகஸ்ட் கடைசியில்தான். அப்போதும் ஒரு பிழை தெரிய, சில நாள் நிறுத்தி வைத்தார்கள். நிதானத்துக்குப் பேர்போன டெபியனே 2023 டிசம்பரில் 12.3 வெளியிடும் நாளன்று, கெர்னலில் கோப்புகளைக் கெடுக்கக்கூடிய பிழை இருக்கிறதென்று தெரிந்து கையை இழுத்துக்கொண்டு, அடுத்த நாள் 12.4 என்று சரிசெய்து கொடுத்தது. அதிலிருந்து பாதுகாப்பு ஒட்டு அன்றே, மற்ற சில்லறை மாற்றங்கள் ஒரு வாரம் கழித்து என்று வைத்திருக்கிறேன்.

டெபியன் பதின்மூன்று வந்தது 2025 ஆகஸ்ட் 9. எங்களுக்கு ஆடி மாதம். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் பூவுமாக நிரம்பி வழிகிற சமயம், தெருவில் செல்போன்கூடச் சரியாக எடுக்காது. அந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரன் நான் மலைக்குப் போவதில்லை, முருகன் கோபித்துக்கொள்வதுமில்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை தவிர்த்து வேறொரு விடியற்காலையில் நிதானமாக 365 படியும் ஏறிப் பார்க்கிறேன். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை, கரண்டை நம்ப முடியாது. டிசம்பர் 31 படித்திருவிழாக் கூட்டம். பொங்கலுக்குப் பிள்ளைகள் வருவார்கள். தை பாதிக்குமேல் ஊர் அமைதியாகும், வெயிலும் ஏறியிருக்காது. என் மெமோவில் எழுதியிருக்கிற நேரம் அதுதான். பன்னிரண்டை டெபியனின் பாதுகாப்புக் குழு 2026 ஜூன்வரை பார்த்துக்கொள்ளும், அதன்பின் நீண்டகாலக் குழு 2028 ஜூன்வரை. வண்டி வரத் தாராளமாக நேரம் இருக்கிறது.

இந்த இடைவெளியில் படிக்கிறேன். ஒவ்வொரு பதிப்போடும் வெளியீட்டுக் குறிப்பு என்று ஒன்று வரும், பத்தில் ஒருவர்கூடத் திறப்பதில்லை என்பது என் சந்தேகம். பதின்மூன்றின் குறிப்பில் ஒரு விஷயம் இருக்கிறது: பழைய 32 பிட் கணினிகளுக்கு இனி நிறுவியும் கிடையாது, கெர்னலும் கிடையாது, அப்படிப்பட்டவர்கள் மாற வேண்டாம் என்று. நண்பரே, உங்கள் பெட்டி 32 பிட். பையன் பேச்சைக் கேட்டு நீங்கள் அன்று ராத்திரியே அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் பிடிவாதம் இந்த ஒரு தடவை காப்பாற்றிவிட்டது, அதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். முதலில் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு 32 பிட்டுக்கென்று இருக்கிற டெபியன் பன்னிரண்டைப் புதிதாகப் போட்டு, ஒட்டுகள் தானாக வரும்படி வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு.

பையன் பொங்கலுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். பதின்மூன்றை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். என் பழைய பிரிண்டர் அதில் ஓடுகிறதா, தமிழ் 99 விசைப்பலகை வருகிறதா என்று முதலில் அதிலேயே பார்த்துவிடலாம். யுபிஎஸ் பேட்டரியைப் போன வாரமே மாற்றிவிட்டேன். வீட்டம்மாவின் பி.பி. கணக்கு இப்போது நோட்டிலும் இருக்கிறது, பெட்டியிலும் இருக்கிறது. மாசி முதல் வாரத்தில் அவளுக்கு டாக்டரிடம் போகிற நாள். அதற்கு முந்தைய பத்து நாளுக்குள் யாரும் இந்தக் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள், அவளே.